ஜிப்ஸியில் "டிரான்ஸ்ஃபர் போச்சு" என்று சொல்லிவிட்டார்களா? பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய மாருதி ஜிப்ஸியை எந்தப் பட்டறையில் கொண்டுபோய் விட்டாலும், கீழே குனிந்து பார்த்தவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொல்வது ஒன்றுதான்: "டிரான்ஸ்ஃபர் போச்சு சார்." டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பெட்டி. அந்தப் பேச்சை நம்பி நானும் ஒரு தடவை மொத்தமாக இறக்கிப் பிரித்து, பேரிங் எல்லாம் மாற்றிப் பணத்தைக் கட்டினேன். வண்டியை எடுத்துக்கொண்டு பெங்களூரு ரிச்மண்ட் சர்க்கிள் மேம்பாலம் ஏறும்போதே அதே அதிர்வு, அதே உறுமல். கடைசியில் பார்த்தால் கோளாறு கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் நடுவில் இருக்கிற குட்டை ஷாஃப்ட்டின் கிராஸில் (ஷாஃப்ட் முனையில் மடங்கிச் சுற்றும் இணைப்பு). அரை நாள் வேலை.

அதற்குப் பிறகு என்னுடைய 1300 சிசி வண்டியிலும், ஆஸ்டின் டவுன், அல்சூர் பக்கத்து நண்பர்களின் வண்டிகளிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த வரிசை இது. மலிவானதில் தொடங்கி, செலவு பிடிப்பதில் முடியும். டிரான்ஸ்ஃபர் தேய்வதே இல்லை என்று சொல்லவில்லை. தேயும். ஆனால் அது தேய்ந்தது என்று சொல்வதற்கு முன் விலக்கவேண்டியவை நிறைய இருக்கின்றன.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன்

சமதரை. இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. இதில் ஒரு விஷயத்தைப் பலர் கோட்டைவிடுகிறார்கள்: டிரான்ஸ்ஃபர் லீவர் (2எச்: பின் சக்கரம் மட்டும்; 4எச்: நான்கும்; 4எல்: நான்கும், மெதுவாக, அதிக இழுவையோடு; 'என்': நியூட்ரல்) 'என்'-இல் இருந்தால், கியர்பாக்ஸை முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். பின் ஷாஃப்ட்டைக் கழற்றினாலும் அப்படியே. "கியர்ல இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு கீழே படுக்காதீர்கள்.

கையில் வேண்டியவை: டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர், வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், நெயில் பாலிஷ். நெயில் பாலிஷ் எதற்கு என்றால், ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு ஃபிளேஞ்சுகளின் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டுகளின்) மேலும் சேர்த்து ஒரு கோடு போட. சாக்பீஸ் கோடு எண்ணெய்க் கை பட்டதும் அழிந்துவிடும். கழற்றிய நிலையிலேயே திருப்பிப் போடாவிட்டால் இல்லாத அதிர்வை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஆயிலைப் பாருங்கள்

பத்து கி.மீ. ஓட்டி ஆயில் சூடான பிறகு பாருங்கள். மேலே இருக்கிற ஃபில்லர் பிளக்கை முதலில் தளர்த்துங்கள், அது கழன்று வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கீழே ட்ரெயின் பிளக்கில் கை வைக்க வேண்டும். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு மேல் பிளக் துருப்பிடித்து அசையாமல், ஆட்டோவில் பட்டறைக்காரரைக் கூட்டிவந்த அனுபவம் எங்களில் இரண்டு பேருக்கு உண்டு.

ஃபில்லர் ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். சுண்டுவிரலை மடக்கி உள்ளே விட்டுப் பாருங்கள். மொத்தமே ஒரு லிட்டருக்குக் கீழேதான் பிடிக்கும், அதனால் கொஞ்சம் கசிந்தாலும் பெரிய பங்கு போய்விடும்.

பிறகு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள்.

— தேன் நிறம் அல்லது கொஞ்சம் கறுப்பு, தட்டைச் சாய்த்தால் சுத்தமாக ஓடுகிறது: உள்ளே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கோளாறைப் பெரும்பாலும் வெளியே தேடுங்கள்.

— டீயில் பால் ஊற்றியது போல: தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான கேஸ் தேங்கிய தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால், சீல் வழியாகவும் பிரீதர் (மூச்சு ஓட்டை) வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் தண்ணீர் நின்றபோது "நம்மளுது ஜிப்ஸி தானே" என்று இறங்கிப் போனவர்களின் வண்டிகளில் இதைத்தான் பார்த்தேன். உடனே மாற்றி, ஐம்பது கி.மீ. ஓட்டி, இன்னொரு தடவை மாற்றினால் தப்பித்துவிடலாம். மாதக்கணக்கில் விட்டால் பேரிங்கில் துரு.

— காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டுகிறது, விரலில் தேய்த்தால் நெருடவில்லை: வயசான வண்டிக்கு இது வழக்கம்.

— விரலில் நெருடுகிறது, வெயிலில் மின்னுகிறது, செதில் செதிலாக வருகிறது: பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. ஊசி போல மெல்லிய உருளைத் துண்டு ஒன்று கிடைத்தாலும் போதும், மேற்கொண்டு படிக்க வேண்டாம். வண்டியை ஓட்டாமல் வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

நல்ல ஆயில் ஊற்றி மூடுங்கள். கிரேடு மேனுவலில் இருக்கும், பெரும்பாலும் 80டபிள்யூ-90. சத்தத்தை அடக்க "கொஞ்சம் கிரீஸ் கலந்து போடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

அறிகுறி: ஓடும்போது உறுமல், ஊளை

முதலில் ஒன்று: ஜிப்ஸி எப்போதும் கொஞ்சம் பாடும். 2எச்-இல் போனாலும் டிரான்ஸ்ஃபரின் பற்சக்கரங்கள் சும்மா இருப்பதில்லை. புதிதாக வாங்கியவர்கள் இந்த இயல்பான பாட்டைக் கேட்டே பயந்து வருகிறார்கள். நாம் தேடுவது மாறிய சத்தத்தை: போன மாதம் இல்லாதது, நாளுக்கு நாள் கூடுவது.

சிவாஜிநகரில் எங்களுக்கு வேலை பார்க்கிற பாயிடம் போனால் முதலில் திருப்பி அனுப்புவார். "கிளட்ச் மிதிச்சா நிக்குதா, மிதிச்சாலும் வருதா? அத பாத்துட்டு வாங்க சார், அப்புறம் ஜாக்கி போடலாம்." அவர் சொல்வது சரி. ஸ்பானரைத் தொடாமலே பாதி தெரிந்துவிடும்.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் இந்தச் சோதனைக்கென்றே கட்டியது போல இருக்கும். பத்து கி.மீ. அளவுக்கு சிக்னல் இல்லை, ஹம்ப் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏறுங்கள், கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள்.

*50-இல் ஒரே வேகத்தில் மூன்றாம் கியர், பிறகு நான்காம் கியர்.* சத்தத்தின் சுருதி எஞ்சினோடு ஏறி இறங்கினால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கம், டிரான்ஸ்ஃபரை விட்டுவிடுங்கள். கியர் எதுவானாலும் வண்டியின் வேகத்தோடு மட்டும் சத்தம் போனால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஏதோ ஒன்று. அடுத்ததுக்குப் போங்கள்.

*60-இல் கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருள விடுங்கள்.* சத்தம் அப்படியே தொடர்ந்தால் டயர், வீல் பேரிங், ஷாஃப்ட் ஆகியவற்றில் ஒன்று. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு குரல், விட்டால் வேறு குரல் என்றால் பல்லோடு பல் உரசும் இடம்: டிரான்ஸ்ஃபர் அல்லது டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி).

*ரோடு மாறும்போது மாறுகிறதா?* ஒயிட் டாப்பிங் (கான்கிரீட்) போட்ட ரோட்டில் ஊளையிட்டு, தார் ரோட்டில் அடங்கினால் அது டயர். மட் டயர் போட்ட வண்டிகளில் பாதிப் புகார் இதுவே. ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் ஆட்டினால் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங்.

*ஹப்பைத் திருப்புங்கள்.* முன் சக்கரத்தில் ஃப்ரீவீல் ஹப் (சக்கரத்தை அச்சோடு கோக்கவும் விடுவிக்கவும் செய்யும் பூட்டு) இருந்தால் 'ஃப்ரீ'-யில் வைத்து 2எச்-இல் ஓட்டுங்கள். முன் ஷாஃப்ட்டும் முன் டிஃபரன்ஷியலும் சுற்றாது. சத்தம் காணாமல் போனால் குற்றவாளி முன்பக்கம். காசு செலவே இல்லாத சோதனை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. ஹப் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு 2எச்-இல் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தும் சத்தம் இருந்தால் கடைசிப் பிரிப்பு: பின் ஷாஃப்ட்டைக் கழற்றி, ஹப்பை லாக் செய்து, 4எச்-இல் முன் சக்கரத்தாலேயே மெதுவாக ஓட்டுவது. ஜிப்ஸியில் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஃபிளேஞ்ச் என்பதால் ஆயில் கொட்டாது. ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில், 30-க்கு மேல் போகாமல், ஒரு கி.மீ. போதும். சத்தம் போய்விட்டால் பின் டிஃபரன்ஷியல். அதே வேகத்தில் முன்பு வந்த சத்தம் இப்போதும் இருந்தால் டிரான்ஸ்ஃபர் மேல் சந்தேகம் உறுதியாகிறது.

வீட்டு வாசலில் நிறுத்தியே செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, டிரான்ஸ்ஃபரை 'என்'-இல் வைத்து, கியரைப் போட்டுக் கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, உள்ளே பற்சக்கரங்கள் மட்டும் சுமை இல்லாமல் சுற்றும். பக்கவாட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரின் முனையை கேஸில் வைத்துப் பிடியைக் காதோரம் வையுங்கள். சைலன்சர் குழாயும் சுற்றுகிற குட்டை ஷாஃப்ட்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. சட்டைக் கையும் துண்டும் அங்கே தொங்கக் கூடாது. நல்ல பேரிங் சீராக 'ஸ்ஸ்' என்று கேட்கும். போன பேரிங் அரிசி அரைபடுவது போலக் 'கரகர'. ஆனால் இங்கே சத்தம் வரவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். சுமை ஏறினால் மட்டும் பேசும் பேரிங்குகளும் உண்டு.

ஒரு சின்ன விஷயம். ஜிப்ஸியின் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபரிலிருந்துதான் கிளம்புகிறது. கேபிள் காய்ந்தால் 'கிரீச் கிரீச்' என்று குருவி கத்துவது போல டாஷ்போர்டுக்குள் கேட்கும், முள்ளும் ஆடும். கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். இதையும் டிரான்ஸ்ஃபர் கணக்கில் எழுதியவர்கள் உண்டு.

*4எல்-இல் மட்டும் சத்தம், 2எச்-இல் இல்லை* என்றால் லோ பக்கத்துப் பற்சக்கரம். அடிக்கடி 4எல் போடாதவர் அதோடு வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஆயிலில் செதில் வராத வரை நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன்.

அறிகுறி: லீவர் தானாக வெளியே குதிக்கிறது

4எல் போட்டு மேடேறும்போது 'டக்'கென்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஏறும்போது என்றால் வண்டி பின்னால் உருளும், இறங்கும்போது என்றால் எஞ்சின் பிடிப்பு போய் வேகமெடுக்கும். விளையாட்டு இல்லை. கோளாறு தெரியும் வரை மலைப் பாதைக்குப் போகாதீர்கள்.

ஆனாலும் இதில்தான் மலிவான காரணங்கள் அதிகம்.

முதலில் லீவரைச் சுற்றி இருக்கிற ரப்பர் பூட், கார்பெட், புதிதாகப் போட்ட கன்சோல். ஜிப்ஸியில் இந்த லீவர் நேராக டிரான்ஸ்ஃபர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் இழுக்கும்போது கேஸ் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், லீவரும் கூடவே சாயும். சாயும் இடத்தில் கெட்டியான ரெக்சின் தடுத்தால் அதுவே லீவரை வெளியே தள்ளும். பூட்டையும் கன்சோலையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஆல்டர் பண்ணிய வண்டிகளில் கோளாறு இங்கேயே முடிந்துவிடுவது உண்டு.

இரண்டாவது, ரப்பர் மவுன்டிங். டிரான்ஸ்ஃபர் கியர்பாக்ஸோடு ஒட்டி இல்லாமல் தனியாக மூன்று ரப்பர்களில் தொங்குகிறது. ரப்பர் வெடித்தோ, ஆயில் குடித்து ஊறியோ போயிருந்தால் கேஸ் கண்டபடி ஆடும். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி மிதித்து, 2எச்-இல் இரண்டாம் கியர் போட்டுக் கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில், வண்டிக்கு வெளியே குத்தவைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலோ அடியிலோ இருக்காதீர்கள். கேஸ் ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழும்பினால் மூன்று ரப்பரையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியது ஒன்று, செத்தது இரண்டு என்றால் கேஸ் கோணலாக நிற்கும், அடுத்த வாரம் அதிர்வு என்று வருவீர்கள்.

மூன்றாவது, லீவரின் அடியில் இருக்கிற நைலான் குப்பி. தேய்ந்தால் லீவர் கஞ்சிக் கரண்டி மாதிரி ஆடும். நீங்கள் 4எல்-இல் போட்டதாக நினைக்கிறீர்கள், உள்ளே பல் பாதிதான் கோத்திருக்கிறது.

நான்காவது, கேஸின் வெளியே போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும். ஷிஃப்ட் ஷாஃப்ட்டை அந்தந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது இதுதான். ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ லீவர் பிடிப்பில்லாமல் நழுவும். போடும்போதும் எடுக்கும்போதும் 'கடக்' என்ற பிடிப்பு கையில் தெரியவில்லை என்றால் இங்கே பாருங்கள். எது எந்த ஓட்டையில் இருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து போல்ட்டைத் திருகும்போது குண்டு நேராக வாய்க்குள் விழும் வாய்ப்பும் உண்டு. எங்கள் நண்பர் ஒருவர் ஒரு மணி நேரம் தேடி, கடைசியில் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

இவ்வளவும் சரிபார்த்தும் குதித்தால் உள்ளே ஃபோர்க் தேய்ந்திருக்கிறது, அல்லது அது நகர்த்தும் ஸ்லீவின் (பற்சக்கரங்களைக் கோக்கும் வளையத்தின்) பல் முனைகள் மழுங்கிவிட்டன. ஓடிக்கொண்டே கிளட்ச் மிதிக்காமல் 4எல் போடுகிற பழக்கம் இருந்த வண்டியில் இது வரும். வீட்டு வேலை இல்லை, பட்டறை.

அறிகுறி: கிளட்ச் விட்டதும் 'டொக்'

நிறுத்தி எடுக்கும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதும் அடியில் ஒரு சுத்தியல் அடி. எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் கையால் முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். ஷாஃப்ட் மூன்று, ஒவ்வொன்றிலும் கிராஸ் இரண்டு, ஆக ஆறு. குட்டை ஷாஃப்ட்டை மறக்காதீர்கள். அது கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் கிரீஸ் அடிக்கும் பையன் கைகூட அங்கே போவதில்லை.

கிராஸில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு திருகினால் லூஸ் விரலுக்குத் தெரியும். கப்பைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் கிரீஸ் காய்ந்து துரு அரைபடுகிறது என்று பொருள். அந்தக் கிராஸை மாற்றுங்கள். அடுத்து ஷாஃப்ட்டின் நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்பிளைன். பிறகு ஃபிளேஞ்ச் போல்ட்டுகளும் டிரான்ஸ்ஃபர் ஃபிளேஞ்சின் நடு நட்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இப்போது டிரான்ஸ்ஃபரின் ஃபிளேஞ்சையே பிடியுங்கள். சுழற்றினால் கொஞ்சம் லூஸ் இருக்கும். பற்களுக்கிடையே இடைவெளி வேண்டும், அது இயல்பு. மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அந்தத் திசையில் அசைவே இருக்கக் கூடாது. அசைந்தால் அவுட்புட் பேரிங் போய்விட்டது. இந்த ஒரு சோதனைக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் தருவேன்: ஃபிளேஞ்ச் மேல்கீழாக அசைந்து, ஆயிலிலும் செதில் இருந்தால், "டிரான்ஸ்ஃபர் போச்சு" என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு

60-க்கும் 80-க்கும் நடுவில் தரையும் லீவரும் 'டர்ர்ர்' என்று நடுங்கி, தாண்டினால் அடங்கும். டயர் பேலன்ஸ், செத்த ரப்பர் மவுன்டிங், காய்ந்த கிராஸ், குறியில்லாமல் திருப்பிப் போட்ட ஷாஃப்ட், இந்த வரிசையில் பாருங்கள். லீவரைக் கையால் அழுத்திப் பிடித்தால் நடுக்கம் மாறுகிறதென்றால் ரப்பர் மேல் சந்தேகம் வையுங்கள். வண்டியை உயர்த்தி லிஃப்ட் கிட் போட்ட பிறகு வந்த அதிர்வானால் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கிறது. கிட் போட்டவரிடமே திரும்பப் போங்கள். அதிர்வுக்காக மட்டும் டிரான்ஸ்ஃபரைப் பிரிக்கக் கூடாது.

அறிகுறி: அடியில் ஆயில் சொட்டு

இரவு ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் விரித்து வையுங்கள். காலையில் கறை எங்கே இருக்கிறது? டிரான்ஸ்ஃபருக்கு முன்னால் என்றால் அது கியர்பாக்ஸின் பின் சீலாகக்கூட இருக்கலாம். ஓடும்போது காற்று எல்லா எண்ணெயையும் பின்னால் தள்ளும், அதனால் முதலில் டீசல் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

சீலை மாற்றும் முன் பிரீதர். மேலே இருக்கிற சின்ன மூச்சு ஓட்டை சேறு அடைத்திருந்தால், உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். புதிய சீல் போட்டு மூன்றாம் நாளே கசிகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அதிகமாக ஊற்றினாலும் கசியும்.

சீல் மாற்றும்போது ஃபிளேஞ்சின் சீல் உட்காரும் பகுதியை நகத்தால் வருடுங்கள். நகம் சிக்குகிற பள்ளம் இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் பயன் இல்லை, ஃபிளேஞ்சை மாற்ற வேண்டும். அந்த ஃபிளேஞ்ச் மேல்கீழாக ஆடினாலும் அப்படித்தான். பேரிங் ஆட ஆட சீல் கிழியும்.

அறிகுறி: 4எச் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை

ஹப். பத்தில் எட்டுத் தடவை ஹப்தான். இரண்டு பக்கமும் லாக் ஆகியிருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் டிஃபரன்ஷியல் மாட்டாத பக்கத்தைச் சும்மா சுற்றவிடும். வேக்குவத்தில் இயங்கும் ஹப் இருக்கிற வண்டியில் ரப்பர் குழாய் வெடித்திருக்கும். அலுத்துப்போய்க் கையால் திருப்பும் ஹப்பாக மாற்றிக்கொண்டவர்களே அதிகம்.

ஹப் சரி என்றால், முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, எஞ்சினை அணைத்த நிலையில் 4எச் போட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன் ஷாஃப்ட் சுற்ற முயன்று தடைபட்டு நின்றால் டிரான்ஸ்ஃபர் கோத்திருக்கிறது. ஷாஃப்ட் சுதந்திரமாகச் சுற்றினால் உள்ளே ஃபோர்க்கோ ஸ்லீவோ நகரவில்லை; லீவரின் நைலான் குப்பியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

டாஷ்போர்டில் 4 வீல் விளக்கு எரியவில்லை, ஆனால் வண்டி இழுக்கிறது என்றால் கேஸில் இருக்கும் சுவிட்சும் அதன் ஒயரும். அவ்வளவுதான்.

அறிகுறி: திரும்பும்போது ஸ்டீயரிங் இறுகி, லீவர் எடுக்க வராமல் சிக்குகிறது

4எச்-ஐ தார் ரோட்டில் போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். ஜிப்ஸியில் முன் பின் ஷாஃப்ட்டுகளுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, திரும்பும்போது முறுக்கு உள்ளேயே தங்கிவிடும். பத்தடி நேராகப் பின்னால் எடுத்துவிட்டு லீவரை இழுங்கள், வந்துவிடும். மண் ரோட்டிலும் இப்படிச் சிக்கினால் நான்கு டயரும் ஒரே அளவா என்று பாருங்கள். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்பதே போதும்.

ஸ்கார்ப்பியோ, சஃபாரி 4x4 வைத்திருப்பவர்களுக்கு

சுவிட்சைத் திருப்பி 4 வீல் போடுகிற வண்டிகளில் உள்ளே சங்கிலி ஓடுகிறது. 4 வீலில் மேடேற அழுத்தி மிதிக்கும்போது 'கடகட'வென்று பல் தாண்டுவது போலக் கேட்டால் சங்கிலி நீண்டுவிட்டது. முதலில் ஆயில், இவற்றுக்குப் பெரும்பாலும் கியர் ஆயில் கிடையாது, ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). தப்பான ஆயில் ஊற்றியே கெட்டவை உண்டு. வடித்ததில் வெள்ளி நிறத் தூள் இருந்தால் சங்கிலி அலுமினிய கேஸின் சுவரை அறுக்கத் தொடங்கிவிட்டது, ஓட்டாதீர்கள். சுவிட்ச் போட்டால் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தால் பேட்டரி வோல்டேஜ், ஃபியூஸ், மோட்டாருக்குப் போகும் கனெக்டர், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

ஸ்பானரைக் கீழே வைக்க வேண்டிய இடம்

ஆயிலில் செதில் அல்லது ஊசி உருளை. ஃபிளேஞ்ச் மேல்கீழாக அசைவது. வெளிக் காரணங்கள் எல்லாம் சரிசெய்தும் லீவர் குதிப்பது. கேஸில் கீறல். இருபது கி.மீ. ஓட்டி நிறுத்தியதும் டிரான்ஸ்ஃபர் மேல் புறங்கையை வைக்க முடியாத சூடு, ஆனால் பின் டிஃபரன்ஷியல் மிதமாக இருப்பது. இவற்றில் எது வந்தாலும் பட்டறை.

கேஸைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. திருப்பிச் சேர்ப்பதுதான் வித்தை. பேரிங்குக்கு எந்தக் கனத்தில் ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) போடுவது என்பதை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்பவரிடம் கொடுக்காதீர்கள். "டயல் இருக்கா?" என்று வாசலிலேயே கேளுங்கள். கழற்றிய பழைய பேரிங்குகளை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், எது போனது என்று நீங்களும் பார்க்கலாம்.

பழைய டிரான்ஸ்ஃபர் வாங்குவதானால்

பொதுமக்களுக்கான வண்டி விற்பனை 2019-ஓடு நின்றுவிட்டதால் முழு டிரான்ஸ்ஃபராக வேண்டுமென்றால் பழசுதான் வழி. சீல், பேரிங், கிராஸ் எல்லாம் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், முழு சாமான் என்றால் சிவாஜிநகர் குஜிலி (பழைய சாமான் சந்தை). 1000 சிசி வண்டியுடையதும் 1300 சிசி வண்டியுடையதும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே பல்லின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். உங்கள் பழையதையும் கூடவே எடுத்துப்போய், இன்புட்டை எத்தனை சுற்று சுற்றினால் அவுட்புட் ஒரு சுற்று வருகிறது என்று இரண்டிலும் எண்ணிப் பாருங்கள், 4எச்-இலும் 4எல்-இலும்.

போன மாசம் பாய் எனக்கு ஒன்று பார்த்துக் கொடுத்தார். கடைக்காரர் வெளியே பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருந்ததை அவர் தொடக்கூட இல்லை. பின்னால் சேறு அப்பிக் கிடந்த ஒன்றை இழுத்துப் போட்டு, ஃபிளேஞ்சைக் கட்டைவிரலால் மேலே நெம்பினார், லீவரை நான்கு இடத்திலும் போட்டு எடுத்தார், ட்ரெயின் பிளக்கைத் திறந்து இரண்டு சொட்டு ஆயிலை உள்ளங்கையில் விட்டு மற்ற கையால் தேய்த்தார்.

"பெயின்ட் அடிச்சது நல்லா இருக்கே பாய்?"

"பெயின்ட் எதுக்கு அடிச்சான்னு நீங்க கேக்கலையே சார். அதுல ஆயிலே இல்ல. கழுவி வச்சிருக்கான்."